கண் வைக்காத மீன்

மீன் வாயைத் திறந்தால் குமிழியோடு பேச்சும் வந்த காலம் ஒன்று இருந்தது. சங்குக்குள் சுருண்டு கிடக்கும் பூச்சிகூட, கேட்க ஆள் இருந்தால், நாலு வார்த்தை பேசும். கடல் அப்போதும் இதே ஆழம்தான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. மேலே என்ன இருக்கிறது என்று அடியில் இருந்தவர்களுக்கும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் யாரிடமும் எதையும் சொல்லாது.

சீன தேசத்தில், கடலிலிருந்து ஒரு பகல் படகுப் பயண தூரத்தில், ஓர் ஆற்றங்கரை மலைச்சரிவில் பீங்கான் சூளை ஒன்று இருந்தது. மலைமேல் பாம்பு படுத்திருப்பது போல நீளமான சூளை. வருடத்துக்கு ஒருமுறைதான் தீ மூட்டுவார்கள். அடிவாயில் மூட்டிய தீ தலை வரை ஏறிப்போய்ச் சேர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் மலைக்கே காய்ச்சல் வந்தது போல் இருக்கும்.

அந்தச் சூளையில் ஒரு வழக்கம். ஒரு கிண்ணத்தை ஒருவரே வரைந்து முடிப்பது கிடையாது. பூப் போடுகிறவர் பூ மட்டும்தான் போடுவார். பறவை வரைகிறவருக்குப் பறவை. மேகத்துக்கு ஒரு ஆள், மூங்கிலுக்கு ஒரு ஆள். அடுத்தவர் பொருளில் ஒரு கோடு இழுத்தாலும் அது அடுத்தவர் வீட்டுச் சோற்றில் கை வைத்த மாதிரி.

யிங்சூ அலை வரைகிறவள். அவள் கணவன் போவென் மீன் வரைகிறவன். இருவரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கிண்ணம் முதலில் அவனிடம் வரும். கிண்ணத்தின் உட்பக்கத்தில் உடல், செதில், துடுப்பு என்று வரைந்து கடைசியில் வாலை இழுப்பான். அவன் இடது கைக்காரன். அதனால் வால் நுனி எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் வளைந்துவிடும். கண் மட்டும் வைக்கமாட்டான். கிண்ணம் அவள் பக்கம் நகரும். அவள் மீனைச் சுற்றி அலை போடுவாள். அப்புறம் கிண்ணம் திரும்பி அவனிடம் வரும். அப்போதுதான் தூரிகையின் முனையால் ஒரு பொட்டு. கண்.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே கண்ணைத் திறந்துட்டா மீன் பயந்துபோயிடும்" என்பான்.

"என் அலை வர்ற வரைக்கும் உங்க மீன் செத்துக் கிடக்குதுன்னு சொல்லுங்க."

"தூங்குதுன்னு சொல்றேன். நீதான் மெதுவாப் போடுறே."

"உங்க மீன் வயிறு பெருத்துக் கிடக்குது. சுத்திவர நேரமாகாதா?"

இப்படியே எத்தனையோ வருடம். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள். மலையடிவாரத்துப் படகுத்துறையிலிருந்து அவை கடலுக்குப் போகும். கடலிலிருந்து எங்கெங்கோ போகும். இரண்டு பேரும் கடலைப் பார்த்ததே இல்லை.

ஒருமுறை நம் கரையைச் சேர்ந்த மாலுமி ஒருவன், கிண்ணம் ஏற்றிப்போக வந்தவன், சூளையைப் பார்க்க ஆசைப்பட்டு மலை ஏறி வந்தான். பெயர் சாத்தன். வாய் ஓயாதவன். போவெனின் கிண்ணம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தவன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, இது கெண்டையாச்சே! ஆத்துக் கெண்டை. அதைக் கொண்டுபோய் இத்தனை பெரிய கடல் அலையில விட்டிருக்கீங்க? உப்புத் தண்ணியில அரை நாள் தாங்குமா?"

சூளையில் இருந்த எல்லாத் தூரிகையும் நின்றுவிட்டது.

"நீங்க கடலைப் பார்த்திருக்கீங்களா தங்கச்சி?" என்று யிங்சூவைக் கேட்டான்.

"இல்லை."

"அண்ணன் கடல்மீனைப் பார்த்திருக்காரா?"

"இல்லை."

"நல்ல ஜோடி" என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் போவென் சாப்பாட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, சோறு ஆறுது."

"இத்தனை வருஷமா எத்தனை ஆயிரம் கெண்டையைக் கடல்ல தள்ளிக் கொன்னிருக்கேன், யிங்சூ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். மூன்று நாள் கழித்து அவன், சாத்தனின் கப்பலில் போகிறேன், ஒரே ஒரு கடல்மீனைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த சூளைக்குள் வந்துவிடுகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் இருந்துவிடுவான் என்று தெரியும். இருந்துவிட்டால் இனி எந்த மீனும் வரையமாட்டான் என்றும் தெரியும்.

சூளையின் தலைவர் தூ என்பவர். கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் போவெனைக் கூப்பிட்டு, "நம்ம வழக்கம் தெரியுமில்ல? கையில எடுத்த வேலை பாதியில இருக்கிற வரைக்கும் உன் இடம் உன்னுது. யாரும் உட்கார முடியாது. ஆனா பாதி வேலைன்னு எதுவும் இல்லாம மூணு சூளை தாண்டிட்டா உன் தூரிகையைத் தீயில போட்டுட்டு வேற ஆளை உட்கார வைப்பேன்" என்றார்.

"நான் அடுத்த சூளைக்கே வந்துடுவேன் ஐயா."

போவென் எதையும் அரைகுறையாக விட்டுப் போகப் பிடிக்காதவன். புறப்படும் முன்பு இரவு பகலாக உட்கார்ந்து, கையிலிருந்த அத்தனை மீனுக்கும் கண் வைத்து முடித்தான். ஒரு கிண்ணம்கூட மிச்சமில்லை. பலகையைத் துடைத்தான். தூரிகையைக் கழுவிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினான்.

கிண்ணங்களைக் கப்பலுக்குக் கட்டும் விதம் அழகாக இருக்கும். பெரிய ஜாடிக்குள் கிண்ணங்களை வட்டமாக அடுக்கி, இடையில் மணலும் பாசிப்பயறும் தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். நாலு நாளில் பயறு முளைவிட்டு, வேர்கள் கிண்ணத்துக்குக் கிண்ணம் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் ஜாடியை உருட்டினாலும் ஒன்று இன்னொன்றில் இடிக்காது. பச்சை முளைகள் எட்டிப் பார்க்கும் ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போவென் ஆற்றோடு இறங்கிப் போனதை யிங்சூ படித்துறையிலிருந்து பார்த்தாள். தூரத்திலிருந்து பார்க்க, ஒரு சின்னத் தோட்டம் மிதந்து போவது போல இருந்தது.

முதல் சூளை வந்தது. அவன் வரவில்லை.

அது ஆறிய பிறகு வேறொரு கப்பலில் சாத்தன் வந்தான். மலை ஏறி வந்தவன் சூளைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றான். 

"தங்கச்சி, கப்பல் போயிடுச்சு. நடுக்கடல்ல. நான் ஒரு பலகையைப் பிடிச்சேன். அண்ணனை நான் பார்க்கலை. இருக்காரு, இல்லைன்னு என்னால ரெண்டையும் சொல்ல முடியாது."

யிங்சூ தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அலையின் பாதியில் கை அப்படியே நின்றது.

"கடல்மீனைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. அடிக்கடல்லேர்ந்து ஒண்ணு மேல வந்து மிதந்துச்சு. தலையில விளக்கு தொங்கும், அந்த மாதிரி. நாங்க அபசகுனம்னு தள்ளிவிடப் பார்த்தோம். அண்ணன்தான் படுத்துக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாரு. அப்புறம் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. சாயம் போட்டா சூளைச் சூட்டுக்குப் போகாம நிக்காதாமே. அதனால என் பாய் தைக்கிற ஊசியை வாங்கிக் கிண்ணத்துக்குள்ள கீறிக்கிட்டே இருந்தாரு. யாருக்கும் காட்டலை. வீட்டுல காட்டணும்னாரு."

யிங்சூ மறுநாள் கிண்ணப் படகில் ஏறிக் கடலுக்குப் போனாள்.

அதுதான் அவள் கடலை முதன்முதலாகப் பார்த்தது. வாழ்நாள் முழுக்க அவள் வரைந்தது சுருள் சுருளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேலே நகம் போல வளையும் அலை. இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. வந்தது, விரிந்தது, மணலில் ஒன்றுமில்லாமல் போனது. ஒன்று போல் இன்னொன்று இல்லை. தப்பாகப் போட்டுவிட்டேனே என்று தோன்றியது. கணுக்காலை நனைத்துக்கொண்டு நின்று கூப்பிட்டாள்.

"இங்கே யாராவது இருக்கீங்களா?"

டால்பின் என்கிறோமே, அந்த ஓங்கில் ஒன்று தலையை நீட்டியது. பின்னால் ஒரு கணவாய் மீன். அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒரு கிண்ணம். உள்ளே ஊசியால் கீறிய மீன். வால் இடப்பக்கம் வளைந்திருக்கும்.

"இவ்வளவுதானா? சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறேன்" என்றது ஓங்கில்.

"நீ மூச்சு வாங்க மேல வர்றதுக்குள்ள நான் கொண்டாந்துடுவேன். உனக்கு ரெண்டு கை, எனக்கு எத்தனைன்னு எண்ணிப் பாரு" என்றது கணவாய்.

"எனக்கு ரெண்டு கைன்னு யார் சொன்னது? அது துடுப்பு."

சண்டை போட்டுக்கொண்டே இரண்டும் போயின. ஓங்கில் பாதி ஆழத்தில் மூச்சு முட்டித் திரும்பியது. திரும்பும் வழியில் ஒரு மத்தி மீன் கூட்டத்தைப் பார்த்து வந்த வேலையை மறந்தது. கணவாய் இன்னும் கீழே போய், இருட்டைக் கண்டு பயந்து, எதிரே வந்த ஓர் இறாலிடம் செய்தியைச் சொல்லிவிட்டு ஏறிவிட்டது. இறால் ஒரு நண்டிடம் சொன்னது. நண்டு ஒரு கடற்பஞ்சிடம் சொல்லி, அது கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாமல் போனது. இப்படிச் செய்தி கையை விட்டுக் கை இறங்கி, கடைசியில் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சங்குப்பூச்சியிடம் வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே சொல்ல யாரும் இல்லை.

அந்தச் சங்குப்பூச்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது. வெளிறிய ஓடு. புள்ளி இல்லை, முள் இல்லை, வரி இல்லை. அதனிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. வழிகூடக் கேட்டதில்லை. அதனால் அந்தச் செய்தியைத் தனக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. ஒரு கிண்ணம். கீறிய மீன். வால் இடப்பக்கம். மேலே ஒரு பெண் காத்திருக்கிறாள்.

அடிக்கடலில் பகல் இல்லை. அங்கே வெளிச்சம் என்றால், தலையில் விளக்கு தொங்கும் மீன் ஒன்றுதான். அகன்ற வாய், ஊசி ஊசியாகப் பல், எப்போதும் முறைத்த பார்வை. எல்லாரும் அவளை விளக்குக்காரி என்பார்கள். கொஞ்சம் தள்ளி நின்றுதான் அப்படிச் சொல்வார்கள்.

"அக்கா, மூழ்கின கப்பல் வரைக்கும் வந்து கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்களேன்."

"இது என்ன ஊர்ப் பொது விளக்கா? இதைப் பார்த்து எவனாவது வந்தாத்தான் எனக்குச் சோறு."

"அங்கே நிறைய படம் இருக்காம்."

"படம்னா?"

சங்குப்பூச்சிக்கும் தெரியாது. இரண்டும் போய்ப் பார்த்தன.

கப்பல் வயிறு பிளந்து கிடந்தது. ஜாடிகள் உடைந்து, கிண்ணங்கள் மணல்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் சிதறிக் கிடந்தன. சில ஜாடிகளில் பயற்று வேர்கள் வெள்ளை முடி போல இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. விளக்குக்காரி அவற்றின் மேலாக மெதுவாக நீந்தினாள். அவள் போகப் போக, இருட்டுக்குள் ஒவ்வொரு கிண்ணமாக விழித்தது. ஒரு தாமரை. அடுத்து ஒரு கொக்கு. ஒரு மலை, அதன்மேல் ஒற்றை மரம். நீல நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. அவள் தாண்டிப் போனதும் அவை மறுபடி மூடிக்கொண்டன. பூவும் பறவையும் இறங்கி வராத இடத்தில், முதன்முதலாகப் பூவும் பறவையும்.

"இது என்ன, உடம்பெல்லாம் இத்தனை இறகு? இதை வச்சுக்கிட்டு எப்படி நீந்தும்?" என்றாள் விளக்குக்காரி, கொக்கின் மேல் நின்று.

"நீந்தாதாம். மேல காத்துல போகுமாம்."

"பாவம்" என்றாள் அவள். அன்று முழுதும் அவளுக்கு வேட்டையாட நினைவே இல்லை. இன்னொரு வரிசை, இன்னொரு வரிசை என்று போய்க்கொண்டே இருந்தாள். ஆனால் கீறல் போட்ட கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. "எல்லாம் பளபளன்னு இருக்கு. குனிஞ்சு பார்த்தா என் விளக்குதான் எனக்குத் தெரியுது. நிறமே இல்லாத கீறலை எங்கே போய்த் தேட?"

கண்ணால் தேடியிருந்தால் யாருக்கும் கிடைத்திருக்காது. சங்குப்பூச்சிக்கோ உடம்பே கால். ஒவ்வொரு ஓட்டின் மேலும் ஏறி ஊர்ந்து இறங்கியது. நீலப் படங்கள் எல்லாம் கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே இருந்தன. அவற்றின்மேல் ஊர்ந்தால் வழுக்கிக்கொண்டு போனது. எத்தனையோ நாள் வழுக்கியது. ஒருநாள் காலில் ஏதோ உரசியது. மெல்லிய ஒரு கீறல். அதன் வழியே போனது. கீறல் வளைந்தது. இடப்பக்கம்.

அந்தக் கிண்ணம் ஏழு துண்டாக உடைந்து ஏழு திசையில் கிடந்தது.

சங்குப்பூச்சிக்குக் கை இல்லை. வாயில் கவ்வ முடியாது. யோசித்தது. தன் ஓட்டைக் கட்டிக்கொள்ள அதனிடம் ஒரு பசை உண்டு. முதல் துண்டைச் சுத்தமாகத் துடைத்து, முதுகில் ஏற்றி, விளிம்பில் பசை வைத்து, அசையாமல் நின்றது. பசை இறுக அரை நாள் ஆனது. அதுவரை பசித்தாலும் நகரவில்லை. படம் கிண்ணத்தின் உட்பக்கம்தானே இருக்கிறது? அதனால் உட்பக்கம் மேலே பார்க்கும்படி ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்ததும் படம் முதலில் தெரியட்டும் என்று.

இருட்டில் சில சமயம் சந்தேகம் வந்தது. வரிவரியான ஒரு சிப்பி காலில் தட்டும். இதுவும் கீறலோ? சொரசொரப்பான ஒரு கல். இதுவோ? விட்டுப் போனால் அந்தப் பெண் என்ன செய்வாள்? எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் ஒட்டிக்கொண்டது. நண்டு பார்த்துவிட்டுச் சிரித்தது.

"என்னப்பா இது, மொத்தக் கடலையும் கூட்டிப் பெருக்கிட்டியா? எங்கே கொட்டப்போறே?"

சங்குப்பூச்சி அசையவில்லை. பசை இறுகிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஏற்றம். உடைந்த விளிம்புகளில் ஒரு வெள்ளை மண்ணின் ருசி இருந்தது. அதே ருசி, மிக லேசாக, ஒரு திசையிலிருந்து வந்த தண்ணீரிலும் இருந்தது. சூளை மலையிலிருந்து ஆறு கழுவிக்கொண்டு வந்த மண். அந்த ருசியைப் பிடித்துக்கொண்டு சங்குப்பூச்சி கடலின் சரிவில் ஏறியது. கறுப்பு, கருநீலமானது. கருநீலம், நீலமானது. விளக்குக்காரியின் வெளிச்சம் கீழே ஒரு மணியளவு சுருங்கி, பிறகு இல்லாமல் போனது.

மேலே, இரண்டாவது சூளையும் போய்விட்டது. மூன்றாவது வந்தது. தூ, "நாளைக்குத் தீ மூட்டணும். போவென் கையில இருந்து ஏதாவது வந்திருக்காம்மா?" என்று கேட்டார். அவர் குரலில் கறார் இல்லை.

"நாளைக்கு இருட்டுற வரைக்கும் பொறுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு யிங்சூ அன்றே கடைசிப் படகில் போனாள்.

விடியலில் கரையில் நின்றாள். நீர் வடியும் நேரம். ஈர மணலில் ஒரு குப்பைக் குவியல் அவளை நோக்கி நகர்ந்து வந்தது. சிப்பிகள், கற்கள், நடுநடுவே வெள்ளை ஓடுகள். அவள் மண்டியிட்டாள்.

"நீங்கதானே அந்தப் பொண்ணு?" என்றது குவியல். வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசியது. "தாமதமாயிடுச்சா?"

"இல்லை" என்றாள். 

ஏழு துண்டுகளையும் நோகாமல் கழற்றி மணலில் சேர்த்து வைத்தாள். கோடுகள் கைகோத்தன. மீன் வந்தது. அகன்ற வாய், ஊசிப் பல், பெருத்த வயிறு, தலையில் தொங்கும் விளக்கு. இத்தனை வருடம் வரைந்த அழகான கெண்டைகளுக்குப் பிறகு இது. அழுதுகொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வால் நுனி இடப்பக்கம் வளைந்திருந்தது. சுற்றிலும் ஒரு அலைகூட இல்லை. அது அவள் பொருள். அவன் தொடவில்லை.

சங்குப்பூச்சி கிண்ணத்தின்மேல் ஏறித் தடவிப் பார்த்தது.

"அட, அச்சு அசல் எங்க விளக்குக்காரி!" என்றது. பிறகு தலைப்பக்கம் போய் நின்றது. திரும்பி ஒருமுறை ஊர்ந்தது. "ஆனா கண்ணைக் காணோமே? அவளுக்குக் கண் இருக்கு. தினமும் என்னை முறைக்கிறாளே, எனக்குத் தெரியாதா? இதோ, தலைக்கிட்ட ஒரு விரிசல். கண் இருந்த சில்லு இங்கேதான் உடைஞ்சு விழுந்திருக்கு. நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்."

யிங்சூ வாயைத் திறந்தாள். விம்மல்தான் வந்தது.

"அழாதீங்கம்மா. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, சங்குப்பூச்சி வடிகிற அலையில் உருண்டு இறங்கியது.

அவளுக்குக் குரல் வந்தபோது நுரைதான் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்க் கத்தினாள்.

"சில்லு எதுவும் விழலை! எல்லாம் இருக்கு! கண் இன்னும் வைக்கலை, அவ்வளவுதான்!"

அலை இரைந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.

இருட்டுவதற்கு முன் அவள் சூளைக்கு வந்துவிட்டாள். தூ ஒரு கையில் பந்தத்தோடும் மறு கையில் போவெனின் தூரிகையோடும் அடிவாயில் நின்றார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் துண்டுகளைப் பலகையில் சேர்த்து வைத்தாள்.

"என்ன மீன் இது, பேய் மாதிரி?" என்றார் தூ.

"கடல்மீன் ஐயா."

அவர் வாலைப் பார்த்தார். இடது கை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண் எங்கே?"

"அலை போட்ட பிறகுதான் வைப்பார். உங்களுக்குத் தெரியாததா?"

"அலை எங்கே?"

"அது என் வேலை. இன்னும் போடலை."

"எப்போ போடுவே?"

யிங்சூ மீனைச் சுற்றி வெள்ளையாகக் கிடந்த இடத்தையே பார்த்தாள். அலை போட்டால் கிண்ணம் அவன் பக்கம் நகர வேண்டும். அந்தப் பக்கம் பலகை காலியாக இருந்தது. அதோடு, கரையில் பார்த்த அத்தனை அலையும் அந்த வெள்ளைக்குள் இருப்பது போல் அவளுக்குத் தோன்றியது. ஒரு கோடு போட்டாலும் குறைந்துவிடும்.

"அவர் வந்து பக்கத்தில உட்காரட்டும். அன்னைக்குப் போடறேன்."

தூ பெருமூச்சு விட்டார். பந்தத்தை மட்டும் சூளைக்குள் விட்டார்.

"அப்ப வேலை பாதியிலதான் இருக்கு. யாரும் அவன் இடத்தில உட்காராதீங்க" என்று சொல்லி, தூரிகையைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினார்.

யிங்சூ அதன்பிறகு பூவுக்குப் பக்கத்தில் ஆறு வரைந்தாள், மலைக்குக் கீழே ஓடை வரைந்தாள். மீனைச் சுற்றி மட்டும் யார் கேட்டாலும் வரையவில்லை. பார்த்தவர்களும் மெல்ல மெல்ல அப்படியே பழகினார்கள். அந்த நாட்டு ஓவியர்கள் மீனை வரைந்து, தண்ணீரை வரையாமல் வெறும் வெள்ளையாக விட்டுவிடுவது அவள் விட்ட அந்த வெள்ளையிலிருந்து வந்ததுதான்.

சங்குப்பூச்சியோ அடிக்கடலுக்குப் போய்ச் சேர்ந்து, விழாத சில்லைத் தேட ஆரம்பித்தது. அதன் பிள்ளைகளும் தேடின. அந்தக் காலையிலிருந்துதான், ஆழத்தில் ஊரும் அந்தச் சங்குகள் வழியில் கிடக்கும் சிப்பி, கல், ஓட்டுத் துண்டு எதையும் விடாமல் துடைத்து எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க முதுகில் ஒட்டி, பசை இறுகும்வரை அசையாமல் நிற்கின்றன. ஒன்றும் குறையவில்லை என்று அவற்றிடம் போய்ச் சொல்ல, அத்தனை ஆழத்துக்கு இன்னும் யார் குரலும் எட்டவில்லை.